கோடை இசை விழாவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஒரு பண்ணையில் கூடாரம் அடித்து ஐந்து நாள் தங்கவேண்டும், ஐந்து நாளும் மழை என்கிறார்கள். போகலாமா?

போங்கள். மழைக்குப் பயந்து வீட்டில் இருந்தால் இங்கிலாந்தில் ஒரு கோடை விழாவையும் பார்க்க மாட்டீர்கள்.

எந்த விழா என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்து நாள், கூடாரம், பண்ணை என்று கேட்டிருப்பதால் கிளாஸ்டன்பரி என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்ததும் அதுதான். சோமர்செட்டில் பில்டன் ஊர் மாட்டுப்பண்ணையில் மைக்கேல் ஈவிஸ் 1970இல் தொடங்கியது. அன்றைக்கு நுழைவு ஒரு பவுண், பால் இலவசம். நிலம் களிமண். பெய்த மழை கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். பிறகு இரண்டு லட்சம் பேர் அதை மிதிப்பார்கள்.

நான் போனது 2016இல். தான் கண்டதிலேயே மோசமான சேறு என்று ஈவிஸே சொன்ன வருடம். கார் நிறுத்தும் வயல்கள் சேறாகி, புதன்கிழமை தெருவெல்லாம் வாகனம் அசையாமல் நின்றது. இன்னும் புறப்படாதவர்கள் பொறுத்து வாருங்கள் என்று விழாக்காரரே அறிவித்தார்கள். உள்ளே வைக்கோலும் மரச்சீவலும் கொட்டிக்கொண்டே இருந்தார்கள், சில மணித்தியாலத்தில் அதுவும் சேற்றோடு சேர்ந்துவிடும்.

தண்ணியாக இருக்கிற சேற்றில் நடந்துவிடலாம். வெயில் எட்டிப் பார்த்து அது அரைவாசி காயும்போதுதான் வில்லங்கம். காலைத் தூக்கினால் கால் மட்டும் வரும், சப்பாத்து உள்ளேயே நிற்கும். ஆகவே முழங்கால் வரை வருகிற ரப்பர் சப்பாத்தை உங்கள் அளவுக்குச் சரியாக வாங்குங்கள். காலுறை சப்பாத்தின் வாயைவிட உயரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் விளிம்பு உரசி கெண்டைக்காலில் தோல் உரிந்துவிடும். ஒரு சோடி காலுறையை பிளாஸ்டிக் பையில் கட்டி நித்திரைக்கென்று வையுங்கள். என்ன வந்தாலும் பகலில் அதை எடுக்காதீர்கள். மழையில் நனைந்தால் பரவாயில்லை, ஈரக் காலோடு படுத்தால் அடுத்த நாள் போச்சு. குடை வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு மேடை மறைக்கும். தொப்பி வைத்த மழைக்கோட் போதும்.

"குடியும் கூத்தும், இதற்கு இவ்வளவு காசா" என்று சிலர் எழுதுவார்கள், தெரியும். நான் குடிப்பதில்லை. அந்த வருடம் டிக்கெட் 228 பவுண், எனக்கு அது சின்னக் காசும் இல்லை, மாதாமாதம் சேர்த்துத்தான் போனேன். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் என் பேச்சை மட்டும் நம்பி இறங்கவேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையோடு அந்தச் சேற்றில் நடப்பது வேறு கதை.

ஆனால் நான் அங்கே கேட்டதை எந்தக் காசுக்கும் கொடுக்கமாட்டேன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவது என்று வாக்கெடுப்பு முடிவு வந்த வெள்ளிக்கிழமை அது. காலையில் கூடாரத்துக்குக் கூடாரம் அதே கதைதான், சிலர் அழுதார்கள். அன்றைக்கு விழாவின் பெரிய மேடையான பிரமிட் மேடையைத் தொடக்கி வைத்தது ஆங்கிலப் பாடகர் டேமன் அல்பார்னோடு வந்த சிரிய இசைக்கலைஞர்களின் குழு. போர் பலரை நாடு நாடாகச் சிதறடித்திருந்தது. அவர்களை மறுபடி ஒன்றாகக் கூட்டி, அத்தனை வயலின்களோடும் பாடகர்களோடும் அந்தப் பெரிய மேடையில் நிறுத்தியிருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். பாட்டின் ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் கண்ணீர் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு அம்மா ஒன்றும் கேட்காமல் தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தா. வெயில் நாளில் அவ அப்படிச் செய்திருப்பாவா தெரியாது. கணுக்கால் வரை சேற்றில் நிற்கிற சனம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும், அங்கே அந்நியர் என்று யாரும் இல்லை.

கேட்ட கேள்விக்கு வெளியே போகிறேன், மன்னியுங்கள். இங்கே எங்களுடைய தமிழ் ஆண்டு விழாக்களில் கலைஞர்களை எப்படி நடத்துகிறோம்? ஊரிலிருந்து விசா எடுத்து, விமானம் ஏறி வந்த நாதஸ்வர, தவில் வித்துவான்கள் மண்டபத்தில் காத்திருப்பார்கள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், அவருக்குப் பொன்னாடை போர்த்துபவர் என்று எல்லோரும் பேசி முடிய இரவு ஒன்பது மணி. அதன்பிறகு தவில்காரர் கையை வைக்கும்போது சனம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும். பரம்பரையாக வாசித்து வருகிறவருக்குக் கால் மணித்தியாலம், அதுவும் கொத்துரொட்டிச் சத்தத்துக்கு நடுவில்! முன்வரிசையில் இருப்பவர்கள் இதை ஒருநாள் யோசிக்கவேண்டும். பில்டனில் மழையில் நின்ற சனம் பாட்டு முடியும்வரை அசையவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிளாஸ்டன்பரி டிக்கெட்டில் உங்கள் படம் இருக்கும், இன்னொருவருக்கு விற்கமுடியாது. கதவு திறப்பது புதன் காலை, அப்போதே போய் மேட்டில் கூடாரம் அடியுங்கள். பள்ளம் வசதியாகத் தெரியும், இறங்காதீர்கள்: 2005இல் வெள்ளிக்கிழமை காலை இடிமழையில் பள்ளத்துக் கூடாரங்கள் அப்படியே மூழ்கின. ஞாயிறு இரவு கடைசி நிகழ்ச்சியை விட்டுவிட்டு நெரிசலுக்குப் பயந்து கிளம்பவும் வேண்டாம். நான் போன அந்த 2016இல் கோல்ட்பிளே இசைக்குழு கடைசியில் எண்பது வயது ஈவிஸையே மேடைக்குக் கூப்பிட்டுப் பாடவைத்தது. நேரத்தோடு கிளம்பியவர்கள் அதைத் தவறவிட்டார்கள்.