ஃபயர் டோர் சரியில்லை: பில்டர் தலையில் கட்டுவதா, அசோசியேஷன் செலவா?

கேள்வி: சார், ஓ.எம்.ஆர். பக்கம் 14 மாடி அப்பார்ட்மென்ட், 112 வீடுகள். நான் அசோசியேஷன் செகரட்டரி. பில்டர் சாவி கொடுத்து நாலே முக்கால் வருஷம் ஆகிறது. ஃபயர் லைசென்ஸ் புதுப்பிக்கும் வேலைக்காக வந்த ஏஜென்சிக்காரர் மாடிப்படிக் கதவுகளைப் பார்த்துவிட்டு, “இதில் பாதி ஃபயர் டோரே (தீயைத் தடுத்து நிற்கும் கதவு) இல்லை” என்கிறார். தகடு எதுவும் காணோம், கதவைத் தானாக மூடவைக்கும் குளோசர்கள் சிலவற்றில் எண்ணெய் ஒழுகுகிறது, பல கதவுகள் தானாக மூடுவதில்லை. பில்டரைக் கேட்டால் “ஹேண்டோவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டீர்கள், இனி உங்கள் பாடு” என்கிறார். ஒன்பதாவது மாடியில் ஒருவர், கதவு சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கிரில் கேட் போட்டு ராத்திரியில் பூட்டுகிறார். பிரசிடென்ட், கார்ப்பஸ் ஃபண்டில் (அசோசியேஷனின் சேமநிதி) எடுத்து நம்ம கார்பென்டரை வைத்து பிளைவுட் கதவு போட்டுவிடலாம் என்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் என் மேல் கேஸ் வருமா?

பதில்: நீங்கள் நாலைந்து பிரச்சினைகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்றுக்கு மட்டும் கெடு இருக்கிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ, வேலைத்தரத்தில், பொருளின் தரத்தில், வசதிகளில் குறையோ பில்டரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் 30 நாளைக்குள் கூடுதல் பணம் வாங்காமல் சரிசெய்து தர வேண்டும், தராவிட்டால் நஷ்டஈடு. 5 வருஷத்துக்குள் நடக்க வேண்டியது கேஸ் போடுவது இல்லை, எழுத்தில் தெரிவிப்பது. உங்களுக்கு மிச்சம் இருப்பது மூன்றே மாதம். அதுவும் 112 பேரும் ஒரே நாளில் சாவி வாங்கியிருக்க மாட்டீர்கள், முதலில் வாங்கியவரின் தேதியைப் பிடித்துக் கணக்குப் போடுங்கள், கெடு இன்னும் முன்னால் வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் சொன்னேன், போனில் சொன்னேன் என்பதெல்லாம் பிறகு வழக்காட மட்டும்தான் உதவும். அசோசியேஷன் லெட்டர்ஹெட்டில், டெலிவரி சான்றோடு ஸ்பீடு போஸ்ட், அதே நாளில் ஈமெயில். கூடவே ஐந்தாறு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகவும் ஒரு கடிதம் அனுப்பிவிட்டால் நல்லது, ஏனென்றால் அந்தப் பிரிவு வீடு வாங்கியவரைத்தான் சொல்கிறது. பில்டர் தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க இடம் கொடுக்க வேண்டாம்.

“கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டீர்கள்” என்பது எல்லா பில்டரும் சொல்கிற வசனம். சட்டம் அவர் மேல் சுமத்திய கடமையை உங்கள் ஹேண்டோவர் கையெழுத்து அழிக்காது. கதவுக்குள் எரியாத ராக்வூல் இருக்கிறதா, வெறும் அட்டை இருக்கிறதா என்று சாவி வாங்க வந்தவர் பிளந்தா பார்க்க முடியும்?

ஆனால் பில்டருக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை நீங்களே அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். குளோசர் எண்ணெய் ஒழுகுவது, கீல் தொய்ந்து கதவு தரையில் உரசுவது, ரப்பர் பிய்ந்துபோனது, இதெல்லாம் நாலே முக்கால் வருஷ உபயோகத்தில் வரும் தேய்மானம், அது உங்கள் மெயின்டனன்ஸ் கணக்கு. இதையும் சேர்த்து 40 அயிட்டம் பட்டியல் போட்டு நோட்டீஸ் அனுப்பினால், முதல் பதிலிலேயே “பராமரிக்கத் தெரியாமல் கெடுத்துவிட்டு எங்களைக் கேட்கிறார்கள்” என்று எழுதி, நிஜமான குறையையும் அதற்குள் புதைத்துவிடுவார்கள். நோட்டீஸில் வர வேண்டியது ஆரம்பத்திலேயே தப்பாக வந்தவை மட்டும்: சொன்ன ரேட்டிங் (எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்ற அளவு) இல்லாத கதவு, சான்றிதழ் இல்லாத கதவு, தப்பாகப் பொருத்திய ஃப்ரேம்.

சரி, எது ஆரம்பத்திலேயே தப்பு என்று எப்படி நிரூபிப்பது? முதலில் காகிதம். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகரித்த பிளான், தீயணைப்புத் துறை கொடுத்த என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று) அதன் நிபந்தனைகளும், கட்டட நிறைவுச் சான்று, உங்கள் விற்பனை ஒப்பந்தத்தின் ஸ்பெசிஃபிகேஷன் பக்கம். பிளான்களையும் பொது இடங்கள் சம்பந்தப்பட்ட ஆவணங்களையும் அசோசியேஷனிடம் ஒப்படைக்க வேண்டியது ரெரா 17(2) பிரிவின்படி பில்டரின் கடமை. தரவில்லையா, அவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் சி.எம்.டி.ஏ.வுக்கும் தீயணைப்புத் துறைக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே ஆளுக்கொரு மனு போடுங்கள். 30 நாள் அவகாசம் உண்டு, அதனால்தான் இன்றைக்கே என்கிறேன். ஆனால் அந்தப் பதில் வரட்டும் என்று பில்டருக்கான கடிதத்தை நிறுத்திவைக்கக் கூடாது.

தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016, நாலாம் பாகம், லிஃப்ட் லாபிக்கும் மாடிப்படிக்கும் நுழையும் இடங்களில் 120 நிமிடம் தாங்கும் கதவு கேட்கிறது. கதவின் தரத்துக்கு ஐ.எஸ். 3614 என்கிற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. “அது வெறும் பரிந்துரைதான், சட்டம் இல்லை” என்று எதிர்த்தரப்பு சொல்லும். தனியாக எடுத்தால் அது சரிதான். ஆனால் தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினாலே உயர்மாடிக் கட்டடம், தீயணைப்புத் துறை என்.ஓ.சி. இல்லாமல் அனுமதியே இல்லை. உங்களுடையது 14 மாடி. அந்த என்.ஓ.சி.யில் ஃபயர் டோர் நிபந்தனையாக ஏறியிருந்தால், பரிந்துரைப் பேச்சு அங்கேயே முடிந்தது. நான் காகிதம் காகிதம் என்று அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

அப்புறம் கதவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர், ஒரு டார்ச், ஒரு போன் கேமராவோடு மேலிருந்து கீழே இறங்கி வாருங்கள். ஒவ்வொரு கதவையும் முழுக்கத் திறந்து கையை விடுங்கள், பிறகு பாதி திறந்து விடுங்கள். தானாக வந்து மூடி, லாட்ச் (பூட்டின் நாக்கு) ‘டக்’கென்று விழ வேண்டும். சாத்தியிருக்கிற மாதிரி நின்றாலும் லாட்ச் விழாவிட்டால், தீயின் அழுத்தத்தில் கதவு திறந்துகொள்ளும். கதவின் ஓரத்தில், கீல் பக்கம், மேலே ஒரு சின்ன உலோகத் தகடு இருக்க வேண்டும்: தயாரிப்பாளர், ரேட்டிங், வரிசை எண். இதில் ஒரு எச்சரிக்கை. பெயின்டர்கள் அந்தத் தகட்டின் மேலேயே பெயின்ட் அடித்துவிடுவது வழக்கம். ‘தகடே இல்லை’ என்று நோட்டீஸில் எழுதிவிட்டு, பிறகு பெயின்டுக்கு அடியிலிருந்து தகடு கிளம்பினால், மிச்சப் பத்திகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். விரலால் தடவிப் பாருங்கள், தட்டுப்பட்டால் மெதுவாகச் சுரண்டிப் போட்டோ எடுங்கள். ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவே மஞ்சளாக சாதாரண பி.யு. ஃபோம் பிதுங்கிக்கொண்டிருந்தால் அதுவும் போட்டோ. எரிகிற சரக்கை வைத்துத் தீத்தடுப்புக் கதவைச் சுவரோடு ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே சிமென்ட் கலவையோ, கதவின் சோதனை அறிக்கையில் சொன்ன பொருளோதான் இருக்க வேண்டும். குடியிருப்பவர்கள் பின்னால் துளை போட்டு மாட்டிய தாழ்ப்பாள், கூடுதல் பூட்டு இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அது நம் தரப்புத் தப்பு, வேறு பட்டியல்.

இதற்கு மேல் ஒரு ஃபயர் இன்ஜினியரின் எழுத்துபூர்வ அறிக்கை வேண்டும். ஏஜென்சிக்காரர் வாயால் சொன்ன “ஃபயர் டோரே இல்லை” எந்த மன்றத்திலும் நிற்காது, அதுவும் அவரே புதுக் கதவு விற்கிற ஆள் என்றால் சுத்தம். பில்டருக்கு 15 நாள் கொடுத்து, இன்ன தேதியில் கூட்டு ஆய்வு, நீங்களும் ஆள் அனுப்புங்கள் என்று எழுதுங்கள். வந்தால் நல்லது, வராவிட்டால் இன்னும் நல்லது.

30 நாள் போனதும் பில்டர் அசையவில்லையென்றால், சரிசெய்து கொடுக்கச் சொல்லிக் கேட்பது ரெரா ஆணையத்தில், நஷ்டஈடு கேட்பது அதன் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பாதீர்கள். 31-ஆம் பிரிவில் வீடு வாங்கியோர் சங்கமும் புகார் கொடுக்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. நுகர்வோர் ஆணையம் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். போகலாம், 2 வருஷக் காலவரம்பு உண்டு. ஆனால் பெங்களூரு குடியிருப்பு ஒன்றின் வழக்கில், சட்டப்படி அமைந்தே ஆக வேண்டிய அசோசியேஷன் ‘தன்னார்வ நுகர்வோர் சங்கம்’ ஆகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே போவதானால் வீட்டுக்காரர்கள் சேர்ந்து தங்கள் பெயரில் போட வேண்டும். உங்கள் விஷயத்தில் ரெராதான் நேர் வழி.

ஒன்பதாவது மாடிக்காரரிடம் வருவோம். மாடிப்படியும் லாபியும் பொது இடம், அவர் பத்திரத்தில் எத்தனை சதுர அடி எழுதியிருந்தாலும் அது அவர் வாசல் ஆகாது. வெளியேறும் வழிக் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்பது தீப் பாதுகாப்பின் அரிச்சுவடி, அவர் அதைப் பூட்டுகிறார். டெல்லி உப்ஹார் தியேட்டரில் 1997-இல் தீ விபத்தில் 59 பேர் இறந்த வழக்கு முழுக்க, வழியை அடைத்துப் போட்ட கூடுதல் இருக்கைகளைப் பற்றி நீதிமன்றங்கள் பேசியிருக்கின்றன. அவருக்கு அதை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். 7 நாள் நோட்டீஸ், நிர்வாகக் குழுத் தீர்மானம், கேட்கவில்லையென்றால் தீயணைப்புத் துறை மாவட்ட அலுவலருக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் போட்டோவோடு புகார், கடைசியாக, கிரில்லை அகற்றச் சொல்லி உத்தரவு கேட்டு சிவில் கோர்ட்டில் வழக்கு. வீட்டுக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே உள்ள தகராறு ரெராவில் எடுபடாது. நீங்களாக ஆளை விட்டு கிரில்லை அறுத்துவிடாதீர்கள், அப்புறம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். ஆனால் ஒன்று, கதவு அடித்து மூடுகிற சத்தம் நிஜமான தொல்லை, மனுஷன் தூங்க வேண்டாமா? குளோசரில் வேகத்தைக் குறைக்க ஸ்க்ரூ இருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் போதும். அதைச் செய்துகொடுத்து, கழற்றிய கதவையும் திரும்ப மாட்டிவிட்டு, பிறகு நோட்டீஸைப் பற்றிப் பேசினால் பாதி வேலை பேச்சிலேயே முடியும். அதே மாதிரி, ட்ராலி போக வர என்று பூந்தொட்டி முட்டுக் கொடுத்துக் கதவைத் திறந்தே வைக்கிறவர்கள் எந்த அப்பார்ட்மென்டிலும் உண்டு. அந்த இடங்களில் ஃபயர் அலாரத்தோடு இணைத்த காந்தப் பிடிப்பான் போட்டால், அலாரம் அடித்ததும் விட்டுவிடும், கதவு மூடிக்கொள்ளும்.

உங்கள் மேல் கேஸ் வருமா? செகரட்டரி என்பதற்காக மட்டும் வராது. ஆனால் தீ விபத்தில் உயிர் போனால் பாரதிய நியாய சம்ஹிதை 106(1), கவனக்குறைவால் மரணம், 5 வருஷம் வரை சிறை. தீ விஷயத்தில் அலட்சியத்துக்கு 287-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அங்கே முதல் கேள்வி, உங்களுக்குத் தெரியுமா, தெரிந்து என்ன செய்தீர்கள் என்பதுதான். ஏஜென்சிக்காரர் சொன்ன நாளிலிருந்து உங்களுக்குத் தெரியும், எனக்கு எழுதியே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அதனால் இந்த வாரமே அவசரக் கமிட்டி கூட்டம் போட்டு, குறைகளை மினிட்ஸில் ஏற்றி, குளோசர், கீல், லாட்ச் வேலைகளுக்கு மெயின்டனன்ஸ் பணத்திலிருந்து உடனே ஒப்புதல் வாங்குங்கள். ‘பில்டர் மீதான எங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமல்’ என்று தீர்மானத்தில் ஒரு வாசகம் சேருங்கள். யாராவது எதிர்த்தால் அவர் எதிர்த்ததும் மினிட்ஸில் வரட்டும்.

பிரசிடென்டின் பிளைவுட் யோசனை வேண்டவே வேண்டாம். பழைய கதவைக் கழற்றினால் பில்டருக்கு எதிரான சாட்சி போகும், பிளைவுட்டைப் போட்டால் தப்பு உங்களுடையதாக மாறும். ஆய்வும் அறிக்கையும் முடிந்த பிறகு, ரெரா முடிய நாளாகும் என்று நீங்களே மாற்றுவதானால், ஏ.ஜி.எம். (ஆண்டுப் பொதுக்கூட்டம்) தீர்மானத்தோடு கார்ப்பஸில் எடுக்கலாம், செலவைப் பிறகு நஷ்டஈடாகக் கேட்கலாம். கழற்றிய கதவில் இரண்டையாவது தகடு, ஃப்ரேமோடு பத்திரமாக வையுங்கள் (மாடிப்படிக்கு அடியில் இல்லை, தயவுசெய்து). புதிதாக வாங்கும்போது விற்பவர் நீட்டுகிற சான்றிதழின் முதல் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். சோதனை செய்த கதவின் அளவு, கண்ணாடி, பூட்டு, கீல், குளோசர் எல்லாம் உங்களுக்குத் தரப்போகும் கதவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கதவுக்கு வாங்கிய சான்றிதழை இரட்டைக் கதவுக்குக் காட்டுவது சகஜம். 120 நிமிடம் என்பது கதவுக்கு மட்டுமா, ஃப்ரேமும் உபகரணங்களும் சேர்ந்த முழு செட்டுக்கா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வொர்க் ஆர்டரில், ஒவ்வொரு கதவின் வரிசை எண்ணோடு பொருத்திய சான்றிதழும் கையெழுத்தான செக்லிஸ்ட்டும் தந்த பிறகுதான் கடைசி 20 சதவீதப் பணம் என்று எழுதிவிடுங்கள். பில்டருக்கான கடிதத்தின் நகலையும் டெலிவரி சான்றையும் அனுப்பிவைத்தால் ரெரா மனுவுக்கான டிராஃப்ட்டை ஆரம்பித்துவிடலாம்.