ஹாட்ஜ் கோப்பை யாருக்குப் போகும்?

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தைத் தொடர்ந்து பார்த்துவரும் வாசகர் ஒருவர், பத்து எடைப் பிரிவுகளிலும் தேசியப் பட்டம் வென்றவர்களில் தோல்வியே காணாதவர் இருவரோ மூவரோ இருந்தால், ஆண்டின் சிறந்த மல்லருக்கான டான் ஹாட்ஜ் கோப்பை யாருக்குப் போகும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க இயலுமா என்று கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் இயலும், ஆனால் வெற்றிகளை எண்ணுவதோடு நிற்காமல், ஒவ்வோர் ஆட்டமும் எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டும். 1995 முதல் வழங்கப்படும் இவ்விருதுக்கான அளவுகோல்களில் வெற்றி தோல்விக் கணக்கையும் ஆதிக்கத்தையும் போலவே, எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி ஆட்டத்தை அங்கேயே முடித்த ‘பின்’களின் எண்ணிக்கையும் முதன்மையானது. எதிர்த்தவர்களின் தரம், முந்தைய சாதனைகள், விளையாட்டுப் பண்பு ஆகியவையும் கருதப்படுகின்றன.

‘பின்’னுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்பதற்குக் கோப்பையின் பெயரே விடை. ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டேனி ஹாட்ஜ் 1955 முதல் 1957 வரை மூன்று முறை தேசியப் பட்டம் வென்றவர். ஆடிய 46 ஆட்டங்களிலும் வென்று, அவற்றுள் 36ஐப் ‘பின்’னால் முடித்தவர். ஆப்பிளை ஒரு கையால் நசுக்கிக் காட்டிய அந்தப் பிடியின் பெயரால் அமைந்த விருது, 3–2 என்று நூலிழையில் வென்றுகொண்டே போகிறவரை எளிதில் ஏற்காது என்பதே என் கணிப்பு.

ஆகவே பருவ முடிவில் வேட்பாளர்களின் முடிவுப் பட்டியலை எடுத்து, முதலில் ‘பின்’களையும், அடுத்து 15 புள்ளி முன்னிலையால் பாதியிலேயே நின்றுபோன ‘டெக்னிக்கல் ஃபால்’களையும், பின்னர் 8 முதல் 14 புள்ளி வேறுபாட்டில் கிடைத்த ‘மேஜர் டெசிஷன்’களையும் எண்ணி, மொத்த ஆட்டங்களில் அவை எத்தனை பங்கு என்று கணக்கிடுங்கள், அந்தப் பங்கு ஏறத்தாழச் சமமாக இருந்தால் மட்டும் எதிராளிகளின் தரத்தை ஒப்பிடுங்கள்.

இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் முடிவுகளும் உண்டு. தேர்வுக் குழுவில் முன்னாள் வெற்றியாளர்களும் ஓய்வுபெற்ற பயிற்சியாளர்களும் செய்தியாளர்களும் இருப்பதால், எண்களுக்கு அப்பாலும் அவர்கள் பார்வை போகிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேல் சாண்டர்சன் 159 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் கல்லூரி வாழ்வை முடித்தவர். 2000, 2001, 2002 என மூன்று ஆண்டுகள் கோப்பையை வென்றவர். எனினும் 2001இல் அதை அவர் தனியே பெறவில்லை. குழந்தைப் பருவத்தில் மூளைக்காய்ச்சலால் முழங்காலுக்குக் கீழே இரு கால்களையும் இழந்து, சிம்சன் கல்லூரிக்காக, பெரும்பாலும் சிறிய கல்லூரிகள் மோதும் மூன்றாம் நிலைப் பிரிவில் அவ்வாண்டு தேசியப் பட்டம் வென்ற நிக் ஆக்கர்மனும் அவருடன் அதைப் பகிர்ந்துகொண்டார்.