எகிப்தின் லக்சரில் வாங்கிய ஸ்காரப் வண்டு அசலா?

ஸ்காரப் என்றால் பழங்கால எகிப்தியர் தாயத்தாக வைத்திருந்த, வண்டு உருவில் செதுக்கிய சின்னக் கல். "கல்லறையில் கிடைத்தது, யாரிடமும் சொல்லாதே" என்று காதோரமாகச் சொல்லித்தான் உங்களுக்கும் விற்றிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் விற்றார்கள். நான் தொல்லியல் படித்தவன் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

அடிப்பக்கத்தில் சூரிய வட்டம், ஆட்டப்பலகை, வண்டு என்று மூன்று குறிகள் இருந்தன. 'மென்கெப்பெர்ரே', அதாவது மூன்றாம் துட்மோஸ் மன்னரின் பெயர் என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை, ஒரு வருடம் வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். அந்த மன்னர் இறந்து பல நூற்றாண்டுகள் கழித்தும், ராசியான பெயர் என்று அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயரை வைத்துக் காலம் சொல்ல முடியாது.

அப்புறம் ஒருநாள் மகள் காம்பஸ் முனையால் அதன் ஓரத்தில் கீறிவிட்டாள். டால்கம் பவுடர் மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. நம் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான் ஸ்காரப்புக்கும். செதுக்கும்போது நகம் பட்டாலே கீறல் விழும். ஆனால் அந்தக் காலத்தில் மேலே பச்சையோ நீலமோ மெருகு பூசிச் சூளையில் சுடுவார்கள், அந்தச் சூட்டில் கல்லே இறுகிவிடும். என்னுடையது சூளையையே பார்க்காத கல், மேலே வெறும் சாயம். உடனே "சுட்ட போலியும் உண்டே" என்று யாராவது வருவார்கள். உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதனால் தயவுசெய்து நீங்கள் கீறிப் பார்க்காதீர்கள்.

அசலை லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தில் பார்த்தேன், கட்டணம் கிடையாது. கட்டைவிரல் நகமளவு கல். முதுகில் மெருகு தேய்ந்து பழுப்பாகிவிட்டது, கால்களைச் செதுக்கிய பள்ளங்களில் மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் அங்கேயே நின்றேன். எகிப்துக்கே போயும் இப்படி நின்று பார்க்க விடவில்லை என்பதுதான் இன்னும் ஆறவில்லை. எங்களை அழைத்துப்போன சுற்றுலாக்காரர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கியது ஐம்பதே நிமிடம், அத்தர் கடைக்கும் பாப்பிரஸ் கடைக்கும் மூன்று மணி நேரம்! கமிஷன் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வாழ்நாளில் ஒருமுறை வருகிறவர்களின் நேரத்தை எடுத்தா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1983-இல் வந்த 117-ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு எகிப்தில் பழம்பொருள் வியாபாரமே குற்றம். ஆகவே கடைத்தெருவில் வாங்கியது அநேகமாகப் போலிதான். அடிப்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள், என்ன எழுத்து என்று பார்ப்போம்.