நாவல் எழுதும் மகளை எதில் சேர்ப்பது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். லுங்கி வியாபாரம் செய்கிறவர். ஒரே மகள். அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. இரண்டு வருடமாகத் தமிழில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளும் ஆம்பூர், வேலூர்ப் பக்கத்துத் தோழிகள் மூவரும் எழுதியதை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கருத்துச் சொல்லிக்கொள்கிறார்கள். ‘நாவலைப் பதிப்பகத்திடம் கொண்டுபோய்ப் பேசித்தர ஒரு இலக்கிய முகவர் கிடைத்துவிட்டால் போதும்’ என்பது நால்வரின் கனவு. அதற்குள் முகவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போனில் வந்து, நாவலை வாசித்துப் பார்க்க மட்டும் நாற்பதாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார். தாய்மாமனோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். கடையை அடமானம் வைக்கலாமா என்பது தகப்பனாரின் கேள்வி. கடிதத்தின் கடைசி வரியில், ‘பிள்ளை ஆங்கில இலக்கியம் கேட்கிறாள், நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை’ என்று போகிறபோக்கில் ஒரு தகவல்.

ஐயா, அந்தக் கடைசி வரியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கவலைப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. கடையை அடமானம் வைக்க நினைக்கிறவர் கவலைப்படத்தான் வேண்டும்.

நம் மாவட்டத்தில் பொறியியலுக்கு ஒரு தனி மவுசு உண்டு. காட்பாடி ஸ்டேஷனில் நின்றால் வடநாட்டுப் பிள்ளைகள் பொறியியல் படிக்கப் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். ‘எங்கிருந்தோ வருகிறார்கள், நம் பிள்ளை மட்டும் வேண்டாம் என்பதா?’ என்று உறவினர்களுக்குத் தோன்றுகிறது. தோன்றட்டும். கலந்தாய்வில் தானாகக் கிடைக்கிற இடமாகவும், பிள்ளைக்கே கணினியில் ஆசையாகவும் இருந்தால் நானே சேர்க்கச் சொல்வேன். இங்கே இரண்டும் இல்லை. விருப்பமில்லாத பாடத்தில் அரியர் விழும். அரியர் வைத்திருப்பவர்களைப் பல நிறுவனங்கள் கேம்பஸ் தேர்வுக்கே உட்காரவிடுவதில்லை. வட்டி மட்டும் மாதம் தவறாமல் வரும். அதைக் கட்டப்போவது மாமா இல்லை, நீங்கள். ஆகவே கடையை அடமானம் வைக்காதீர்கள். இதில் இரண்டாம் யோசனைக்கு இடமில்லை.

அடுத்தது அந்த நாற்பதாயிரம். இலக்கிய முகவர் என்ற தொழில் உண்மையிலேயே உண்டு. லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் முகவர் வழியாகத்தான் நாவல்களைப் பார்க்கின்றன. எழுத்தாளர் ஒரு பக்கக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் சில அத்தியாயங்கள் ஆகியவற்றை அனுப்புவார். முதல் நாவலாக இருந்தால் முழுதாக எழுதி முடித்திருக்க வேண்டும். முகவருக்குப் பிடித்தால் பதிப்பகத்திடம் கொண்டுபோய் விலைபேசுவார். எழுத்தாளருக்கு வரும் பணத்தில் வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை என்றால் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார். பணம் வந்த பிறகுதான் அவருக்குப் பங்கு. வாசிப்பதற்கே கட்டணம் கேட்பது அந்தத் தொழிலின் ஒழுங்குக்கு விரோதம். நாற்பதாயிரம் வேண்டாம், நானூறு கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.

தமிழில் ஏன் முகவர்கள் இல்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஒரு சிட்டைக் கணக்குப் போதும். 250 ரூபாய் விலையுள்ள நாவல் 500 படிகள் விற்று, பத்து சதவீத ராயல்டி வந்தால் எழுத்தாளருக்கு 12,500 ரூபாய். அதில் 15 சதவீதம் 1,875. இதற்காக யார் சென்னைக்கும் காட்பாடிக்கும் அலைவார்? தமிழ் எழுத்தாளர்கள் பதிப்பகத்துக்கு நேராகவே எழுதுகிறார்கள், பதிப்பாசிரியர்களும் நேராகவே வாசிக்கிறார்கள். உங்கள் மகளும் அப்படியே செய்யலாம். நம் மொழியில் முகவருக்கு வேலை இருப்பது மொழிபெயர்ப்பு உரிமையை வெளிநாட்டுக்கு விற்பதில்தான். தமிழக அரசு 2023 ஜனவரியில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கி, மொழிபெயர்ப்புக்கு மானியம் கொடுத்து, முகவர்களுக்குப் பயிற்சியும் அளித்து வருவது அதற்காகவே. உங்கள் மகள் ஒருநாள் அந்தப் பக்கம் போகலாம். இப்போதைக்கு அது தூரத்து விஷயம்.

ஆங்கில இலக்கியம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பீர்கள். பி.எட்., டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றை உங்கள் தெருவே சொல்லிவிடும். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: காப்பி எடிட்டிங், அதாவது பிறர் எழுதியதை அச்சுக்குப் போகுமுன் செப்பனிடும் வேலை.

வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வெளியிடும் அறிவியல் இதழ்கள், மருத்துவ நூல்கள், பாடநூல்கள் பெருமளவில் செப்பனிடப்படுவதும் பக்கம் கட்டப்படுவதும் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான். சென்னையில் நியூஜென், டி.என்.க்யூ., புதுச்சேரியில் இன்டெக்ரா என்று பல நிறுவனங்கள் இந்த வேலையையே செய்கின்றன. வேலூரிலிருந்து ரயிலேறினால் இரண்டரை மணி நேரத்தில் சென்னை. இருந்தும் நம் ஊர்ப் பெற்றோர் இந்தத் தொழிலின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருப்பதில்லை, ஐ.டி. என்ற ஒரே சாக்குக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

வேலை இதுதான். ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரை கோப்பாக வந்து சேர்கிறது. எடிட்டர் முதலில் அந்த இதழின் நடைவிதிகளை எடுத்து வைத்துக்கொள்கிறார். எழுத்துக்கூட்டல் பிரிட்டிஷா அமெரிக்கனா, எண்ணை எழுத்தில் எழுதுவதா இலக்கத்தில் எழுதுவதா, மேற்கோள் எப்படி வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு வரிவரியாக வாசிப்பார். மூன்றாம் அட்டவணையைப் பார்க்கவும் என்று கட்டுரை சொல்லும், இருப்பதோ இரண்டே அட்டவணை. உள்ளே சுட்டியிருக்கும் நூல் கடைசிப் பட்டியலில் இருக்காது. சுருக்கத்தில் 48 நோயாளிகள், முடிவுரையில் 46. இவற்றைத் தானாகத் திருத்திவிடக் கூடாது. ‘இரண்டு எண்களும் பொருந்தவில்லை, எது சரி என்று உறுதிசெய்யவும்’ என்று ஆசிரியருக்கு ஓரத்தில் ஒரு கேள்வி எழுத வேண்டும். கேள்வி பணிவாகவும் இருக்க வேண்டும், மழுப்பலாகவும் இருக்கக் கூடாது. கேள்வி எழுதத் தெரிந்தவர்தான் நல்ல எடிட்டர். நீங்கள் லுங்கியை வெளிச்சத்தில் பிடித்து இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா, அதே கண் இதற்கும் வேண்டும்.

ஆங்கிலம் படித்தவர்களையும் அறிவியல் படித்தவர்களையும் இதற்கு எடுக்கிறார்கள். நுழைவுக்கு ஒரு தேர்வு இருக்கும். பிழைகள் நிறைந்த ஒரு பத்தியைக் கொடுத்துச் செப்பனிடச் சொல்வார்கள். பிளஸ் டூ வரை உயிரியல் படித்து, பிறகு பி.ஏ. ஆங்கிலம் முடித்த பெண்ணுக்கு மருத்துவக் கட்டுரை மிரட்சி தராது. தொடக்கச் சம்பளம் சிறியது, அதை மறைக்க மாட்டேன். இயந்திரமும் இதில் புகுந்துவிட்டது. காற்புள்ளி திருத்துவதோடு நிற்பவருக்கு இனி வேலை கடினம். பொருள் பிசகுகிறது என்று கண்டுபிடிப்பவரின் தேவை அவ்வளவு சீக்கிரம் போகாது. பட்டம் முடித்தபின் மேலே படிக்க விரும்பினால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் புத்தகப் பதிப்புத் துறைக்கென்றே முதுநிலைப் பட்டயம் நடத்துகிறது. வேலையில் இருந்துகொண்டே அதைப் படிக்கலாம்.

தமிழிலும் எடிட்டர் என்ற பணிக்கு மதிப்புத் தேடித்தந்தவர்கள் உண்டு. 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 2020-இல் மறையும்வரை அகராதிப் பணியிலும் பிரதிகளைச் செம்மையாக்குவதிலுமே இருந்தார். ஆனால் தமிழ்ப் பதிப்பகங்களில் எடிட்டர் வேலை எண்ணிக்கையில் குறைவு, ஊதியமும் குறைவு. சோறு போட ஆங்கில எடிட்டிங், மனசுக்குத் தமிழ் நாவல் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

அந்தத் தோழிகள் குழுவை நேரத்தைப் பாழாக்கும் அரட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அனுப்பிய இரண்டு அத்தியாயங்களின் ஓரத்தில் ஆம்பூர்த் தோழி எழுதிய குறிப்பைப் பார்த்தீர்களா? ‘வெளியே அடைமழை என்று எழுதியிருக்கிறாய். தாத்தா உள்ளே வந்து காய்ந்த துண்டை உதறித் தோளில் போடுகிறார். எப்படி?’ இது அரட்டை இல்லை. சம்பளம் வாங்காத காப்பி எடிட்டிங். இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். ‘சூப்பர்’ என்ற சொல்லைத் தடைசெய்துவிடுங்கள். எங்கே வாசிப்பு நின்றது, எங்கே குழம்பியது, எந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். தோழியின் வாக்கியத்தை உங்கள் வாக்கியமாக மாற்றி எழுதிக் கொடுக்காதீர்கள். பாத்திரங்களின் பெயர், வயது, உறவு, நடக்கும் மாதம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள், தொழில்முறை எடிட்டர்களும் அதைத்தான் செய்கிறார்கள். நாவலை முடிக்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எழுத்தை நம்பி வாழ முடியுமா என்கிறீர்கள். தமிழில் அப்படி வாழ்கிறவர்கள் மிகச் சிலர். ஆனால் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வட ஆற்காட்டு மு. வரதராசன் தாலுகா அலுவலக எழுத்தராகத் தொடங்கி, திருப்பத்தூரில் ஆசிரியராக இருந்து, பேராசிரியராகி, துணைவேந்தராகவும் ஆனார். நாவல்களும் எழுதினார், 1961-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். பேரணாம்பட்டுப் பக்கத்து எழுத்தாளர் அழகிய பெரியவன் பள்ளி ஆசிரியர். மாமா கேட்டால் இவர்கள் பெயரைச் சொல்லுங்கள். அதற்குமேல் அவரோடு வாதம் வேண்டாம்.

ஒப்பந்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. பதினெட்டு வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆகவே யாராவது தாளை நீட்டினால் மகள் கையெழுத்துப் போட வேண்டாம். பிற்காலத்தில் போடும்போதும் எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த உரிமை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக்கொடுத்தால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்து ஆண்டுக்கென்றே கொள்ளப்படும். பதிப்புரிமையோ எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும். ‘அனைத்து உரிமைகளும் என்றென்றைக்கும்’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுப் பேசுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் உங்கள் ஊர் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியையும், வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியையும் ஆங்கிலப் பாடத்துக்குக் குறியுங்கள். கட்டணம் கடைக் கல்லாவிலிருந்தே கட்டக்கூடியது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும். ஆதார் எண் இணைந்த வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். சாதிச் சான்றிதழையும் தேடி எடுத்து வையுங்கள். கடைசி நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.