பழைய ஃபஸ் பெடலுக்குப் புது போர்டு போடலாமா?

கேள்வி: மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்த என் மாமா, தன்னுடைய டல்லாஸ் ஆர்பிட்டர் ஃபஸ் ஃபேஸ் பெடலை (கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் கால்மிதிப் பெட்டி) எனக்குக் கொடுத்துவிட்டார். உள்ளே சர்க்யூட் போர்டு பச்சை பூத்து, செம்புத் தடங்கள் பெயர்ந்து வருகின்றன. அதே மாதிரி போர்டு செய்து பாகங்களை மாற்றி வைக்க முடியுமா? சத்தம் மாறிவிடுமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். 1966இல் வந்த அந்த வட்டப் பெடலின் போர்டில் இருப்பதே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர்தான். போர்டு மாறினால் காதுக்குத் தெரியாது. கழற்றும்போது டிரான்சிஸ்டர் சூட்டில் போய்விட்டால் நன்றாகவே தெரியும்.

அதற்கு முன்னால் ஒன்று. புது போர்டு உண்மையிலேயே வேண்டுமா? ராயபுரத்து உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடிப்பது சகஜம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத்பிரஷால் தேய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று தடம் மட்டும் விட்டிருந்தால், மெல்லிய கம்பியை மேலே ஓட்டிப் பற்றவைத்தால் போதும். என்றாவது விற்கும் எண்ணம் இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. பழைய சாமான் சேர்ப்பவர்கள் அசல் போர்டுக்குத்தான் காசு கொடுப்பார்கள்.

பேடுகளே (பாகங்களின் காலைப் பற்றவைக்கும் செம்பு வட்டங்கள்) பெயர்ந்து வருகிறது என்றால் புதிதுதான் வழி. சால்டரிங் அயனைச் சூடாக்குவதற்கு முன், பாகங்கள் உள்ள பக்கத்தை நேர்மேலிருந்து போட்டோ எடுங்கள். எந்த நிற ஒயர் எங்கே போகிறது, கெப்பாசிட்டரின் பிளஸ் எந்தப் பக்கம், டிரான்சிஸ்டரின் எந்தக் கால் எந்தத் துளையில் என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். செம்புப் பக்கத்தை, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுங்கள். பிறகு மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, எது எதோடு சேர்கிறது என்று பேப்பரில் வரையுங்கள். அறுந்த தடம் கண்ணுக்கு முழுசாகவே தெரியும், மீட்டர்தான் காட்டிக்கொடுக்கும்.

கழற்றும்போது ஒவ்வொரு டிரான்சிஸ்டர் காலிலும், உடம்புக்கும் அயனுக்கும் நடுவில், ஒரு முதலை கிளிப்பை மாட்டுங்கள். சூட்டை அது இழுத்துக்கொள்ளும். ரெசிஸ்டர்களைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும். போர்டில் இருக்கும்போது மீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

அடுத்து படம். கிகேட் என்ற இலவச மென்பொருளில் ஸ்கேனைப் பின்னால் வைத்து வரையலாம். பலரும் கோட்டை விடுவது இடவலத்தில்தான். இந்தப் படத்தை லேசர் பிரிண்டரில் அடித்து, அதன் டோனரை (மைத்தூள்) இஸ்திரிப் பெட்டியால் புது போர்டின் செம்பில் ஒட்டப்போகிறோம். ஒட்டும்போது படம் தானாகவே திரும்பிவிடும். ஆகவே பேப்பரில் இருக்க வேண்டியது, பாகங்கள் பக்கத்திலிருந்து ஊடுருவிப் பார்த்தால் தெரிகிற தோற்றம். செம்புப் பக்க ஸ்கேனை அப்படியே அச்சடித்தால் போர்டு இடவலம் மாறி வரும். அதை ஒருமுறை திருப்பிக்கொள்ளுங்கள். லேசர் பிரிண்டரில், நூறு சதவீத அளவில், வழுவழுப்பான தாளில் அடிக்கச் சொல்லுங்கள். முதலில் சாதாரணத் தாளில் ஒன்று அடித்து, கெப்பாசிட்டர் காலை அதில் குத்திப் பாருங்கள். அளவு தவறினால் இங்கேயே தெரிந்துவிடும்.

ரிச்சி தெருவில் காப்பர் கிளாட் போர்டு (செம்பு பூசிய வெற்றுப் போர்டு), பெர்ரிக் குளோரைடு (டோனர் மூடாத செம்பைக் கரைக்கும் ரசாயனம்), 0.8, 1 மி.மீ. டிரில் பிட் எல்லாம் கேட்டுப் பாருங்கள். கரைசலைப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் ஊற்ற வேண்டும். எவர்சில்வர் வேண்டாம், சிங்க்கில் கொட்டவும் வேண்டாம். துணியில் பட்டால் மஞ்சள் கறை போகாது, அம்மா சும்மா விடமாட்டார். துளையிட்ட பிறகு தடம் முழுவதும் ஈயம் பூசுங்கள். வேலை முடிந்து பெடல் பாடியதும் மேலே வார்னிஷ் ஒரு கோட். கடலோர வீட்டில் இது இல்லாமல் கொஞ்ச நாளிலேயே திரும்பப் பச்சை பிடிக்கும்.

பழைய எலக்ட்ரோலிடிக்குகளை, 2.2, 20 மைக்ரோ ஃபாரட் இரண்டையும், மாற்றிவிடுங்கள். 20க்குப் பதில் 22 போடலாம். அசலை எல்லாம் ஒரு கவரில் போட்டு வையுங்கள், பழைய போர்டையும் சேர்த்து.

டிரான்சிஸ்டரில் என்கேடி275 அல்லது ஏசி128 என்று இருந்தால் அது ஜெர்மானியம், பிஎன்பி வகை. பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட் (சர்க்யூட்டின் பொது இணைப்பு). பிசி108 என்றால் சிலிக்கான், என்பிஎன் வகை, கிரவுண்ட் மைனஸில். இதைப் பார்க்காமல் பேட்டரி ஒயரை வைக்காதீர்கள். பிளஸ் கிரவுண்ட் பெடலை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் ஷார்ட் ஆகிவிடும். தனி பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

எல்லாம் வைத்தபின் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலில் வோல்ட் பாருங்கள். கிரவுண்டிலிருந்து 4.5 பக்கம் இருக்க வேண்டும் (பிஎன்பியில் மைனஸாகக் காட்டும்). விலகியிருந்தால் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 10 கிலோ ஓம் பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) போட்டுத் திருகலாம். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் சூட்டுக்கு மின்சாரம் கசியும். ஆகவே மே மாதத்து மத்தியானம் இதைச் செய்யாதீர்கள். நீங்கள் வழக்கமாக வாசிக்கிற நேரத்தில், அந்த அறையிலேயே செய்யுங்கள்.