கமோட் அடியில் தண்ணீர் கசிகிறது. சீல் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நானே சரிசெய்யலாமா?

ஃபிளஷ் செய்யும்போது மட்டும் ஈரம் வந்தால் முதல் சந்தேகம் சீல் மேல்தான், அதாவது கமோடும் கழிவுநீர்க் குழாயும் சேரும் இடத்தில் கசியாமல் தடுக்கும் பகுதி. எப்போதுமே ஈரமாக இருந்தால் ஆங்கிள் காக் (டேங்குக்குப் போகும் தண்ணீரை மூடித் திறக்கும் சுவர் வால்வு), டேங்குக்குப் போகும் ஹோஸ், ஹெல்த் ஃபாசெட் மூன்றையும் பாருங்கள். அங்கே சொட்டுவது பீங்கான் வழியாக இறங்கி அடியில்தான் தேங்கும்.

நம் பாத்ரூம் தரை எப்போதும் நனைந்தே கிடப்பதால், எல்லோரும் குளித்து முடித்த பிறகு, இரவில் சோதிப்பது நல்லது. தரையை நன்றாகத் துடைத்து, கமோடைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைப் போடுங்கள். கமோடுக்குள் இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து ஃபிளஷ் செய்யுங்கள். தாளில் நீலம் ஏறினால் கசிவது கழிவுநீர் இணைப்பு. வெறும் தண்ணீர் என்றால் டேங்கும் கமோடும் சேரும் இடத்து வாஷரைப் பாருங்கள். உட்காரும்போது கமோட் ஆடுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஆட்டம்தான் பெரும்பாலும் சீலைக் கெடுக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பர் அடிவிளிம்பைச் சுற்றி ஒயிட் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். அது வைத்தியமே இல்லை. வெளியே அடைத்தால் தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் போகும், அப்புறம் கீழ் வீட்டுக்காரர் சீலிங்கைக் காட்டிச் சண்டைக்கு வருவார். கமோடைத் தூக்கித்தான் ஆகவேண்டும்.

ஸ்க்ரூ போட்டு நிறுத்தியதென்றால் நீங்களே செய்யலாம். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலிசெய்து, மிச்சத் தண்ணீரை ஸ்பாஞ்சால் எடுத்துவிடுங்கள். ஹோஸையும் ஸ்க்ரூவையும் கழற்றி, அடிவிளிம்பில் பூசியிருப்பதை பிளேடால் அறுத்து, நேராகத் தூக்குங்கள். நாற்றம் வராமல் குழாய் வாயில் பழந்துணியைச் செருகி வையுங்கள், திரும்ப வைக்கும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள். பழைய சிமெண்டைச் சுரண்டிவிட்டு, அதே அளவில் ரப்பர் பான் கனெக்டர் (கமோடைக் கழிவுநீர்க் குழாயோடு இணைப்பது) வாங்கி, சோப்புத் தண்ணீர் தடவிப் பொருத்துங்கள். கிரீஸ் வேண்டாம், ரப்பர் கெடும். ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் பீங்கானில் விரிசல் விழுந்துவிடும்.

சிமெண்டிலேயே பதித்த கமோட் என்றால் தூக்கும்போது உடைய வாய்ப்பு அதிகம். பழகிய பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

நாலைந்து முறை ஃபிளஷ் செய்து, தாள் காய்ந்தே இருந்தால் மட்டும் அடிவிளிம்பைச் சுற்றி சிலிகான் பசை போடுங்கள். பின்பக்கம் ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்கள். மறுபடி கசிந்தால் அந்த வழியாக வெளியே வந்து உடனே தெரிந்துவிடும்.