பாக்காதவன் எப்படிப் பாத்தான்?

கேள்வி: அண்ணே, ரங்கூன்ல கோயில் ஞாயித்துக்கெழம வகுப்புல குறள் சொல்லிக் குடுக்குறேன். பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல பர்மீஸ், வீட்டுல பாதித் தமிழ். குறள கடகடன்னு ஒப்பிக்குதுங்க, "இதுல என்ன பிடிச்சுது"ன்னு கேட்டா பொருளுரையயும் ஒப்பிக்குதுங்க. வரிக்குள்ள போய் வாசிக்க எப்படிப் பழக்குறது?

பதில்: பொருளுரைய குடுத்தது நீங்கதானே தங்கச்சி! கோவிச்சுக்காதீங்க, நானும் பர்மாவுல மோல்மேன் ஊர்ல வகுப்பு எடுத்தப்ப அதே தப்பத்தான் பண்ணேன், மொதல்லயே போர்டுல உரைய எழுதிப் போட்டுருவேன், பிள்ளைங்க அத பர்மீஸ் எழுத்துல நோட்டுல ஏத்திக்கும், அப்புறம் குறள யாரு திரும்பிப் பாப்பா.

உரைய பையிலயே வச்சிட்டு 1094-ஆம் குறள மட்டும் எழுதுங்க.

"யான்நோக்குங் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால்
தான்நோக்கி மெல்ல நகும்."

நோக்குறதுன்னா பாக்குறது, நகும்னா சிரிப்பா, இது போதும். ஏழு சீர்ல "நோக்கு" எத்தன தடவன்னு எண்ணச் சொல்லுங்க. நாலு. எது யாரோடது? மொதல்ல குறள்ல பேசுற காதலன் பாக்குறான், அவன் காதலி தரையப் பாக்குறா, அவன் பாக்கல, இப்ப அவ பாக்குறா. நாலு நோக்கு இருந்தும் கண்ணும் கண்ணும் ஒரு தடவகூட நேரா முட்டல, பாருங்க.

எங்கிட்ட ஒரு வாலுப்பையன் கேட்டான், "சயா (பர்மீஸ்ல வாத்தியாரே), அவன் பாக்கலன்னா அவ சிரிச்சது அவனுக்கு எப்படித் தெரியும்?" எனக்கு வேர்த்துப்போச்சு. எத்தன வருஷமா ஒப்பிச்சிருக்கேன், இது தோணவேயில்ல. அன்னிக்கு முழுக்க அதான் பாடம், ஓரக்கண்ணால பாத்திருப்பான்னு ஒண்ணு, பாக்காத மாதிரி நடிச்சான்னு இன்னொண்ணு, கூச்சல்னா கூச்சல். எத வேணா சொல்லட்டும், ஆனா எந்தச் சொல்ல வச்சு சொல்றன்னு விரல் வச்சுக் காட்டணும், அத மட்டும் விட்டுக் குடுக்காதீங்க.

அப்புறம் பர்மீஸ்ல சொல்லச் சொல்லுங்க. நாம எல்லாத்துக்கும் "சிரிச்சா"ன்னுருவோம், அதுல புன்னகைக்கு ப்யோன், வாய்விட்டுச் சிரிச்சா யீ, ஒண்ண எடுத்தே ஆகணும். அப்பதான் "மெல்ல"ங்கிற சொல்லு கண்ணுல படும்.

அதுக்கப்புறம் உரைய வெளிய எடுங்க. பரிமேலழகர் அவ தன்னுள்ளே மகிழ்றான்னுதான் சொல்றார். உள்ளுக்குள்ளன்னா ப்யோன்கூட இல்லயேன்னு பிள்ளைங்க அவர்கிட்டயே சண்டைக்குப் போகும், போகட்டும். அடுத்த குறள்ல "ஒருகண் சிறக்கணித்தாள்"னு, அதாவது ஒரு கண்ணச் சுருக்கிப் பாத்தான்னு வரும், அவசரப்பட்டுச் சொல்லிராதீங்க, அடுத்த ஞாயித்துக்கு வைங்க.